மூன்று மணி நேரம்

புந்தா அரேனாஸில் ஜூன் மாதத்துச் சூரியன்
காலை பத்துக்கு எட்டிப் பார்க்கும்,
கடன் கொடுத்தவன் தெருவில் நிற்பதைப் போலத் தயங்கி.

நண்டுக் கிடங்கில் கணக்கெழுதுகிறேன்.
வீட்டில் ஒரே லேப்டாப்.
நிபால்டோ கப்பலேறினால் நாற்பது நாள்.
அவன் மகன் எலியேசரும் நானும்
சத்தமில்லாமல் புழங்குவோம்.
பதினாறு வயது. என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை,
முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை.
"பால் தீர்ந்துவிட்டது" என்று
ஃப்ரிட்ஜிடம் சொல்வான்.
நான் வாங்கி வருவேன்.

விண்டோஸ் கண் விழிப்பதற்குள்
கெட்டில் தண்ணீர் கொதித்து ஆறிவிடுகிறது.
கிடங்கில் எந்திரம் பழுதுபார்க்கும் ரெய்னெரியோ
"அழித்துத் தள்ளு, லினக்ஸ் போடு" என்றான்.
அழிக்க முடியாது.
பையன் எந்த விளையாட்டில் எந்தக் கோட்டையைக் காத்து நிற்கிறானோ.
அப்படியானால் பக்கத்திலேயே போடு,
ஆனால் இடம் பிரிக்கும்போது கரண்ட் போகக் கூடாது என்றான்.
இந்த ஊரில்!
காற்று கம்பங்களைக் குனிய வைக்கிற ஊரில்!
போதாததற்குப் பேட்டரி செத்து இரண்டு வருடம்.

சால்மன் கம்பெனி விழாவில் கொடுத்த பென்டிரைவ்,
மீன் வடிவம்.
தலையைக் கழற்றினால் தகரப் பல்.
அதற்குள் ஒரு முழு லினக்ஸையும் அடைத்துத் தந்திருந்தான்.
எஃப் பன்னிரண்டை மரங்கொத்தி மாதிரி கொத்தி
நான்காம் முறை உள்ளே போனேன்.

பிறகு அந்தப் பட்டை.
நடுவில் ஒரு பிடி, இழுத்துப் பங்கு வை என்கிறது.
பாதியில் வைத்தேன்.
உறுத்தியது.
அவன் பக்கம் நிறைய விட்டு
எனக்கு நாற்பது ஜிபி போதுமென்றேன்.
இன்னும் ஒரு பத்தை
யாரும் பார்க்காதபோது என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அறுபத்திரண்டு சதவீதத்தில்
விளக்கு ஒருமுறை சிமிட்டியது.
திரும்பினால் எலியேசர்.
எப்போது வந்தானோ.
என்ன ஏது என்று கேட்கவில்லை.
ஹீட்டரை அணைத்தான், டிவியைப் பிடுங்கினான்,
ஃப்ரிட்ஜையும் பிடுங்கினான்.
எங்கள் சுவர் பிளக் தொளதொளவென்றிருக்கும்,
அதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு
தரையில் உட்கார்ந்துவிட்டான்.
வெளியே கூரைத் தகரம் அடித்துக்கொண்டது.
"எவ்வளவு?"
"அறுபத்தாறு."
கொஞ்ச நேரம் கழித்து, கை மாற்றிக்கொண்டு,
"இப்போ?"
"அறுபத்தாறுதான்."
அத்தனை நேரம் நாங்கள் பேசியது வேறெப்போதும் இல்லை.

முடிந்தபோது கறுப்புத் திரையில் இரண்டு வரி,
பத்து விநாடி அவகாசம்.
அவன் தன் வரியில் நுழைந்து
கோட்டை இருக்கிறதா என்று பார்த்தான்.
இருந்தது.
ஒன்றும் சொல்லாமல் படுக்கப் போனான்.
நான் என் வரியில் நுழைந்து
நண்டுக் கணக்கைக் கிடங்குக்கு அனுப்பி மூடினேன்.
அதற்குப் பிறகு காற்று இணையத்தையும் கொண்டு போனது.

கதவுச் சத்தத்தில் விழித்தேன்.
ஐந்து இருபது.
எலியேசர் பள்ளிப் பையோடு நிற்கிறான்,
புருவத்தில் பனி.
தூக்கம் வராமல் எழுந்து விளையாடப் போயிருக்கிறான்.
திரையின் மூலையில் ஏழு நாற்பது.
செல்போன் பழுதுக் கடையில்.
அலறியடித்து ஓடி
வராத பேருந்துக்குக் காத்திருந்திருக்கிறான்.
ஏழு நாற்பதும் நான்கு நாற்பதும்
ஜூனில் இங்கே ஒரே கறுப்பு,
பார்த்தால் தெரியாது.

உள்ளே இருக்கிற கடிகாரத்தில்
கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்குமாம் ஒன்று.
அதையே வீட்டு நேரமாய்ப் படிக்குமாம் மற்றொன்று.
ரெய்னெரியோ பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்,
ஒரே வரிக் கட்டளையில் சரியாகிவிடுமாம்.

அப்போது எனக்கு அது தெரியாது.
வாசலில் அவன், பல் கிட்டிக்க,
"உன் லினக்ஸ் பொய் சொல்கிறது" என்றான்.
உன்.
திட்டுதான்.
ஆனாலும் முகத்தைப் பார்த்து.

ஃப்ரிட்ஜை இன்னும் யாரும் செருகவில்லை.
பால் கெடவில்லை, குளிருக்கு.
அடுப்பில் வைத்தேன்.
விடிவதற்கு இன்னும் ஐந்து மணி நேரம்
பாக்கியிருந்தது.