மாதிரி எண் பதினேழு

பீல் நகரம், மாட்ரெட்ஷ் பக்கம்,
மூன்றாம் மாடியில் ஒரு குளியலறை.
கட்டிய ஆண்டு 1971 என்று
நிலவறை மின்பெட்டிக் கதவில்
யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.
என்னைவிட இரண்டு வயது மூத்த சுவர்.

முதல் ஓடு முழுசாகக் கழன்றது.
இரண்டாவது உடைந்தது. அடியில் சாம்பல் நிறப் பசை,
சட்டியில் காய்ந்து பிடித்த கஞ்சிபோல.
சுத்தியலைக் குளியல்தொட்டிக்குள் வைத்தேன்.
சத்தமில்லாமல் வைக்கத்தான் நினைத்தேன்.
இரும்புத் தொட்டி. கட்டடம் முழுக்கக் கேட்டது.

"என்ன?" என்றார் வெங்கர்.
"அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். சோதிக்கவேணும்."
பயந்தால்தான் என் ஜெர்மனுக்கு இலக்கணம் சரியாக வரும்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
கடிகாரம் செய்கிற ஊரில்
முதலில் பார்ப்பது அதைத்தான்.

வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை திரும்புகிறாள்.
புதுத் தொட்டி கீழே மழையில் நிற்கிறது.
பெஸ்னிக் சிகரெட்டோடு படியிறங்கினான்.
அடெலினோ தாடியைத் தடவியபடி இருமினான்.

அந்த இருமலைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.
முதலில் பின்னேரங்களில் மட்டும் வந்தது.
பிறகு படியேறும்போது.
இப்போது காலை வணக்கத்துக்கு முந்தி
அதுதான் வருகிறது.
அவன் கொங்கிரீட் அறுத்த காலத்தில்
தண்ணீர் விட்டு அறு என்று ஒருவரும் சொல்லவில்லையாம்.
வாயில் துணி கட்டினானாம். துணி!
மீன்வலையால் மாவை மறிக்கிறதுபோல.

ஆபத்தென்றால் நிறுத்து என்று
கொள்கலன் அறையின் சுவரில்
ஐந்து மொழியில் ஒட்டியிருக்கிறது. தமிழ் இல்லை.
நிறுத்தியவன் பிறகு எந்த முகத்தோடு
மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருவது என்று
எந்த மொழியிலும் இல்லை.

தண்ணீர் தெளித்து, நகத்தளவு சுரண்டி,
இரட்டைப் பையில் போட்டு எழுதினேன்:
மாதிரி எண் பதினேழு.
இந்த வருடம் நான் நிறுத்திய பதினேழாவது வேலை.
வெங்கருக்கும் எண்ணிக்கை தெரியும்.

ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூரையே அதுதான்.
சீற் வந்திறங்கிய அன்று அதிபர் பொங்கல் கொடுத்தார்.
உடைந்த துண்டால் நிலத்தில் கோடு கீறிக்
கிளித்தட்டு மறித்தோம்.
இனி யாரிடம் போய்க் கேட்க?

அன்றிரவு நித்திரை வரவில்லை.
மகள் சிறியவளாய் இருந்தபோது
வேலை உடுப்போடுதான் தூக்குவேன்.
என் தோளில் படிந்த தூசியில்
விரலால் 'ஆ' எழுதுவாள்.
ஆரணியில் அந்த ஓர் எழுத்துத்தான் அப்போது அவளுக்குத் தெரியும்.
எழுதிவிட்டு விரலை வாயில் வைப்பாள்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது.
இல்லை. எதுவும் கண்டறியப்படவில்லை.

வெங்கர் தாளை வானின் முன்கண்ணாடியடியில் போட்டார்,
ஒரு வார்த்தை பேசவில்லை.
முந்நூறு பிராங்க், இரண்டு நாள்.
"டொக்டர்!" என்று பெஸ்னிக் கும்பிட்டான்.
பட்டம் இனி ஒட்டிக்கொள்ளும்,
அந்தப் பசையைவிட இறுக்கமாய்.
நானும் சிரித்தேன். சிரித்தபடியே
ஒரு கணம்
நஞ்சு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.
நினைத்தேன்தான். மறைத்து என்ன.

உடைக்கத் தொடங்கும்போது அடெலினோ வந்தான்.
யாரோ புதியவன் என்று விலகி வழிவிட்டேன்.
இருபது வருடத் தாடி இல்லை.
வெயில் காணாத தாடை,
உரித்த கிழங்குபோல வெளிறி,
இரண்டு இடத்தில் வெட்டுக்காயம்.
தாடியிருந்தால் கவசம் முகத்தில் பொருந்தாது என்று
எந்த வருடமோ ஒருநாள் நான் சொன்னது.

பட்டியை இழுத்து, மூக்குத் தகட்டை அழுத்தி,
உள்ளங்கைகளால் மூடி ஊதிப் பார்த்தான்.
ஓரத்தால் காற்றுப் போகவில்லை.
உள்ளே இருமல் கேட்டது.

பிந்திவிட்டதா என்று அவன் என்னைக் கேட்கவில்லை.
நான் உறிஞ்சியின் குழாயை மாட்டினேன்.
அவன் ஆளியைப் போட்டான்.