மொழி தெரிந்த ஆள்

வியாசர்பாடியில் எங்கள் சந்துக்கு
மீன்பாடி வண்டியில் வந்து இறங்கினார்கள், ஒரு புதன்கிழமை.
ஐந்து பேர். இரண்டு அரிசிச் சாக்கு.
எதிலும் அரிசி இல்லை.

துளுக்காணம் அண்ணன் அட்வான்ஸைப் பாதியாக்கினார்,
மீதியை ஆட்டோ ஸ்டாண்டு போட்டது.
மும்தாஜ் பம்ப் ஸ்டவ்வைத் துடைத்துக் கொண்டுவந்தாள்.
கஜலட்சுமி கொடுத்த குடத்தில்
அவள் கல்யாணத் தேதி வெட்டியிருந்தது.
"சும்மா கெடந்ததுதான்" என்றாள். பொய்.

என்னிடம் இருந்தது பர்மா பாஷை.
அறுபத்து நாலில் கப்பலேறிய அப்பாவிடம்
சங்கிலியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம்,
பாஷையை விட்டுவிட்டார்கள்.
அதில்தான் என்னைக் கொஞ்சுவார்,
அத்தோ கடையில் கடன்காரனைத் திட்டுவதும் அதில்தான்.

"அவங்களும் பர்மாதானே, நீ போய்ப் பேசு"
சந்தே என்னை முன்னால் தள்ளியது.
புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.
வாசலில் நின்று, சிரித்து,
"மிங்கலாபா" என்றேன்.

செனுவாரா குழந்தையின் தலையை
மடிக்குள் அழுத்திக்கொண்டாள்.
அவள் புருஷன் எழுந்து நின்றான்.
சட்டைப்பையிலிருந்து பாலிதீன் உறை,
அதற்குள் இன்னொரு உறை,
அதற்குள் மடித்த காகிதம்.
இரண்டு கையாலும் நீட்டினான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
தோளைப் பார்த்தான்,
துப்பாக்கி தொங்கும் இடத்தை.

அப்பா கொஞ்சிய பாஷை
இவர்களிடம் எந்த வாயிலிருந்து வந்து சேர்ந்ததோ.
அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
கைக்கு அகப்பட்டதைத் தட்டி "பக்கெட்" என்றேன்.
"பக்கெட்" என்றது மடிக்குள்ளிருந்து ஒரு குரல்.
தண்ணி.
"தன்னி."
லாரி வரும், ஆறு மணிக்கு, ஓடணும்.
ஓடிக் காட்டினேன், அந்த எட்டடி அறைக்குள்,
புதுப் புடவையோடு.

இன்று காலை, லாரிக்குப் பின்னால்,
கஜலட்சுமியின் கல்யாணத் தேதியை
வரிசையில் முன்னே நகர்த்தி வைத்திருந்தாள் செனுவாரா.
"யாரு கொடத்த வச்சிக்கினு யாரு முன்னாடி..."
"நாங்கதான் மொதல்ல வந்தோம்க்கா!"
ஷோமிரா. ஏழு வயது. இடுப்பில் கை.
ஒரு நொடி வாயடைத்த கஜலட்சுமி
தானும் இடுப்பில் கைவைத்துத் தொடங்கினாள்.
நான் குறுக்கே போகவில்லை.
மொழிபெயர்க்க அதில் ஒன்றுமில்லை.

அவள் புருஷன்தான் இன்னும்
என் கடை வந்தால் எதிர்ச் சுவரோரமாக நடக்கிறான்.
பார்க்காதவள் மாதிரி
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.