ஆறு குடத்து வண்டி

பழைய வண்டியை உப்புக்காற்று தின்றது,
சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு.
சட்டத்தை விரலால் தட்டினால்
நமத்துக் காய்ந்த அப்பளமாய் உதிர்ந்தது.

சாயல்குடிப் பட்டறையில்
நாலாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள்,
அதுவும் பங்குனிப் பொங்கல் முடிந்த பிறகு.
தண்ணீர் லாரிக்குப் பொங்கலும் தெரியாது
பட்டறையும் தெரியாது.
செவ்வாய்க்கிழமை வரும். முனையிலேயே நிற்கும்.
அங்கிருந்து என் வாசலுக்கு
எழுநூறு அடி மணல்.

நாள் வாடகை முந்நூறு என்று
வெல்டிங் மிஷினைத் தூக்கி வந்தேன்.
மால்பேயிலிருந்து சூசை போனில் சிரித்தான்.
"வீட்டக் கொளுத்திராத."

ராடு முந்தின வாரமே வாங்கியது,
பன்னிரண்டாம் நம்பர், ஒரு பாக்கெட்.
பிரித்தால் நமத்திருக்கிறது.
மூக்கையூரில் நமக்காதது எது,
தீப்பெட்டி, பிஸ்கட், கல்யாணப் பத்திரிகை.
தோசைக்கல்லில் வரிசையாய்க் கிடத்தி
சிம்மில் வைத்துப் புரட்டினேன்.
கைப்பிள்ளையோடு எட்டிப்பார்த்த ஜெபஸ்டினா
"என்ன மீனுக்கா?" என்றாள்.

முதல் உரசலில் ராடு ஒட்டிக்கொண்டது.
இரண்டாவதும். ஐந்தாவதும்.
சினைமாடு மாதிரி மிஷின் முக்கியது.
ஆறு மணிக்குத் தெருவே மோட்டார் போடும்,
எங்கள் வீட்டுக்கு வரும்போது கரண்டு நொண்டும்.
ஆகவே உச்சிவெயில்.
ஆகவே சூசையின் முழுக்கைச் சட்டை,
அவன் கடலுக்குப் போடும் பூட்ஸ்,
உள்ளே இரண்டு சாக்ஸ் திணித்து.

கறுப்புக் கண்ணாடிக்குள் ஒன்றுமே இல்லை.
முருங்கை இல்லை, கோயில் கோபுரம் இல்லை,
கடல்கூட இல்லை.
உரசியதும்
பச்சையாய்க் கடுகளவு ஓர் ஊர் பிறந்தது.
அதற்குள் இரும்பு கூழாய்க் கொதித்து
நான் நகர்ந்தால் நகர்ந்தது,
நின்றால் ஓட்டை போட்டது.

சுத்தியலால் கசடைத் தட்டினேன்.
சில இடத்தில் கோழி எச்சம்.
சில இடத்தில் அதுவும் இல்லை.
இரண்டு இரும்பும்
வரப்புத் தகராறு நடந்த பங்காளிகளாய்
ஒட்டினாற்போல் நின்றன, பேச்சுவார்த்தை இல்லாமல்.

ஒரே ஒரு இடம்.
பின்மூலையில், அடிப்பக்கம்,
யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்
இரண்டு விரற்கடை நீளத்துக்கு
செதில் செதிலாய் ஒழுங்காக விழுந்தது.
அப்போது சூடைமீன் பொரிகிற சத்தம் கேட்டது,
அவ்வளவுதான் தெரியும்.
மறுபடி விழவில்லை.

அதைப் பார்த்த சந்தோஷத்தில்
கண்ணாடி இறக்காமல் இரண்டு முறை உரசியிருக்கிறேன்.
இரவு இரண்டு மணிக்கு
இமைக்குள் ஒரு மரக்கால் மணல்.
சுவரைத் தடவிப் போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினேன்.
ஜெபஸ்டினா பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டு
கண்ணுக்கு இரண்டு சொட்டுப் பால் விட்டாள்.
"மீனு வெந்துச்சா?"
அழுதபடி சிரித்தேன், அழுதது கண் மட்டும்.

மூலைக்கு மூலை கயிறு பிடித்தால்
ஒரு குறுக்கு மற்றதைவிட நீளம்.
நேராகத்தான் வைத்தேன், அம்மியை மேலே ஏற்றித்தான் வைத்தேன்.
சூடு தணியும்போது இரும்பு
தனக்குப் பிடித்த பக்கம் திரும்பிக்கொண்டது.
அடித்துப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.
குடம் உட்கார ஆறு வளையம்,
ரெட் ஆக்சைடு இரண்டு கை.
உப்புக்கு இரண்டு வருஷ வேலை கொடுத்தாயிற்று.

செவ்வாய். லாரி.
ஆறு குடம், ஒன்றுக்கு மூடி இல்லை.
வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.
வலக்கையை இறுக்கினால் கொஞ்சம் கேட்கிறது.
மூன்றாம் வளையம் முனகும்போது
நின்று, காது கொடுத்து,
பிறகு தள்ளினேன்.
வாசல் சேர்வதற்குள் அரைக்குடம் மணலுக்குப் போனது.

ஆரோக்கியமேரி குனிந்து பார்த்தாள்.
"எந்தப் பட்டறை?"
"உள்ளூர்தான்."
"எட்டுக் குடத்துக்குன்னா எவ்வளவு கேப்பாங்க?"

விலை தெரியவில்லை எனக்கு.
மிஷினையும் திருப்பிக் கொடுத்தாயிற்று.
நாலு ராடு மட்டும் மிச்சம் இருக்கிறது
அரிசி டப்பாவுக்குள்,
நமக்காமல்.