பெருங்காய டப்பா

பெருங்காயம் தீர்ந்து மூன்று மாதம்.
டப்பாவுக்கு இன்னும் தெரியாது.
மாத்திரை அட்டையில் வெட்டிய குழிகளில்
ஒன்பது வண்ண வில்லைகள் அதற்குள்:
காவி, செங்கல், எலுமிச்சை மஞ்சள், ஏதோ ஒரு பச்சை...
நீலத்தை வெளியே எடுத்தேன்.
சித்திரை வெயிலில்
விரிஞ்சிபுரம் ஆற்றுக்குத்தானே,
நீலம் எதற்கு?
பாறைக்கு நிழல் உண்டென்பது
செருப்பு மாட்டும்போது நினைவு வந்து
திரும்ப வைத்தேன்.

தூரிகை நீளம்.
காம்பைப் பாதியில் ஒடித்தபோது
"என்னடி சத்தம்" என்றாள்
அடுத்த அறையிலிருந்து ஹேமாவதி.
ஜோடி தொலைத்த காலுறையின்
விரல் பக்கத்தை வெட்டி
மணிக்கட்டில் மாட்டினால் துடைக்கும் துணி.
கண்மருந்து புட்டியில் தண்ணீர்.
ஆற்றுக்குப் போகிறவள்
தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறாள்.

செவ்வாய்க்கிழமை.
பள்ளிகொண்டா பேருந்தில்
மாட்டுச் சந்தைக்கு இறங்குகிறவர்
முழங்கை இடித்து மூடி கழன்றது.
பொய்கை என்று பேர் வைத்த ஊரில்
என் தண்ணீர் முழுவதையும்
பயணச்சீட்டு குடித்தது.

பாலாற்றில் மணல்.
மணலில் கை நீளத்துக்கு ஒரு குழி.
ஆடுகளுக்காக ஊற்று தோண்டிய ரஹ்மத்பீ
"தெளியட்டும், இரு" என்றாள்.
எனக்குப் பொறுமையில்லை,
கலங்கலிலேயே தோய்த்தேன்.
முதல் பூச்சிலேயே
ஆறு தாளில் வந்து படிந்தது
பொடிப்பொடியாக.
காவியை நான் தொடவே இல்லை.

ஈரம் காயுமுன்
ஆடு ஒன்று வந்து படத்தை முகர்ந்தது.
பெருங்காயம்.
தும்மிவிட்டுப் போனது.