எட்டுப் பட்டை

கொழிஞ்சாம்பாறையில்
இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டி இது ஒன்றுதான்.
பாரகூடா. அறுபத்தொன்பது மாடல்.
களத்தில் வீட்டுக் கொட்டகையில்
இருபத்தாறு வருஷம் கோழிகள் குடியிருந்தன.
டிராக்டர் கட்டி இழுத்து வந்தபோது
டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு முட்டை உருண்டது.

"அப்பா குருவாயூருக்கு மட்டும்தான் எடுப்பார்"
என்றார் ரகுநந்தன்.
"கம்பெனியில் வந்த மாதிரியே வேணும்.
ஒரு நட்டுகூட மாறக்கூடாது."

நட்டு.
அரை இஞ்சு, ஒன்பது பதினாறு, ஏழு பதினாறு.
எங்கள் பெட்டியில் எல்லாம் மில்லிமீட்டர்.
பதிமூன்று வழுக்கும், பன்னிரண்டு நுழையாது.
உக்கடம் பழைய இரும்புக் கடையில்
ஒரு செட் கிடைத்தது, ஏழு பதினாறு மட்டும் இல்லாமல்.
பதினொன்றை எடுத்து
அரத்துக்கு ஒரு மயிரிழை தின்னக் கொடுத்தான் சகாயம்.

கேஸ்கட் ஓஹையோவிலிருந்து. கஸ்டம்ஸில் பதினேழு நாள்.
கார்ப்பரேட்டருக்குள் குளவிக்கூடு.
ஆடி மாசத்துக் கணவாய்க் காற்று
பனங்காட்டு மண்ணையெல்லாம் வாரி வந்து
ஈரப் பிரைமர் மேல் அப்பியது.
மூன்று தடவை உரசினோம்.

எட்டு சிலிண்டர் பற்றும் வரிசையைச்
சுவரில் கரியால் எழுதி வைத்தேன்:
ஒன்று எட்டு நான்கு மூன்று
ஆறு ஐந்து ஏழு இரண்டு.
சகாயத்தின் மகள் வாசலில் கட்டம் போட்டு
அதே வரிசையில் பாண்டி ஆடினாள்.
ஒருமுறைகூடத் தப்பவில்லை.

பின்பக்கத்தைக் கடைசியாகத்தான் பிரித்தேன்.
புத்தகத்தில் ஐந்து பட்டை.
எண்ணினேன். எட்டு.
மூன்று, அம்பாசடருடையவை,
கண் அறுத்து நடுவில் செருகியவை.
யு-போல்ட் லாரிக்கு உரியது.
பின் சீட்டுக்கு அடியில்
தகரத்தின் கீழே இன்னொரு தகரம்,
இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இருட்டு,
துருவில் ஒட்டிய கேன் மூடி ஒன்று.

குருவாயூருக்கு இத்தனை பட்டை வேண்டாம்.
முந்நூறு லிட்டர் சுமந்தும்
வேலந்தாவளம் செக்போஸ்டில் பின்னால் அமுங்காமல்
காலி வண்டி மாதிரி நிற்க
எவனோ கணக்குப் போட்டிருக்கிறான்.
நல்ல கணக்கு.
ஒவ்வொன்றும் மேலுள்ளதைவிட இரண்டு விரல் குட்டை.
இடையில் கிரீஸ்கூடத் தடவியிருக்கிறான்.

ரகுநந்தன் குனிந்து பார்த்தார்.
நிமிர நேரமானது.
"கம்பெனியில் வந்த மாதிரி" என்றார் மறுபடி,
இந்தத் தடவை மெதுவாக.
அவர் தந்த பழைய படத்தில்
அப்பா சாய்ந்து நிற்கிறார், காலி வண்டி
சண்டைச்சேவல்போல் பின்னால் தூக்கியிருக்கிறது.
"இது?" என்றேன்.
"எங்கள் களம் அங்கே சரிவு."
நெல் காயும் களத்தில் சரிவா என்று
நான் கேட்கவில்லை.

கழற்றினேன். கூலி போடவில்லை.

முதல் சாவிக்கு மேல்பக்கமாகத் தும்மியது.
டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று தப்பு, என் தப்பு.
இரண்டாவது சாவிக்கு
ஓட்டுக் கூரையிலிருந்து பல்லி விழுந்தது.

செக்போஸ்டில் போலீஸ்காரர்
வலது ஜன்னலில் குனிந்து லைசென்ஸ் கேட்டாராம்,
அங்கே யாரும் இல்லை.
டிக்கியையும் திறக்கச் சொன்னாராம்.
ஸ்டெப்னி, ஒரு குடை.

இரண்டு பட்டைகள் ஒழலப்பதிக் கொல்லனிடம் போய்
பாளை சீவும் கத்திகள் ஆயின.
மூன்றாவது என்னிடம், டயர் நெம்ப.
எவ்வளவு அழுத்தினாலும்
விட்டதும்
அதே பழைய வளைவு.