சோதனைத் தீ

தளி பயணியர் மாளிகை, இரண்டாம் அறை.
சுவருக்குள் ஒரு கணப்பு.
குளிருக்குப் பயந்து வெள்ளைக்காரன் கட்டியது.
மார்கழியில் இங்கே விடுகிற மூச்சு கண்ணுக்குத் தெரியும்;
பயந்ததில் தப்பில்லை.

மூட்டினால் புகை அறைக்குள் வருகிறதாம்.
வியாழக்கிழமை சென்னையிலிருந்து செயலாளர் வருகிறாராம்.
மதிப்பீடு கேட்டார்கள்.
விலைப்பட்டியலைப் புரட்டினேன்:
கழிவறைக் கோப்பை உண்டு, கொடிக்கம்பம் உண்டு,
கணப்பு இல்லை.

'இதர வேலைகள்' என்று தலைப்பிட்டு
லகுமய்யாவைக் கூட்டிவந்தேன்.
ஓசூர் அடுக்குமாடிகளில்
குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன்.
தன்னோடு தெலுங்கிலும் என்னோடு தமிழிலும் பேசுவான்.
தலையை உள்ளே விட்டு அண்ணாந்து பார்த்து
தெலுங்கில் ஏதோ சொன்னான்.
என்ன என்றேன்.
"வானம் தெரியலைங்க மேடம்."

கூரையேறி, கயிற்றில் கல்லும் விளக்குமாறும் கட்டி இறக்கினான்.
அரை மூட்டை கரி.
தார் போல் இறுகி, பளபளத்து,
சுரண்டினால் சீவலாக உதிரும் கரி.
ஈர விறகு எரித்தால் இதுதான் மிச்சம் என்றேன்.
வாட்ச்மேன் கவுஸ் பாஷா
தைல மரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.
பிறகு ஒரு மைனாக் கூடு, காலி.
அதில் ஷாம்பு பாக்கெட், பள்ளிக்கூட ரிப்பன்.
வானம் தெரிந்தது, கையகலம்.
மூட்டினோம்.
புகை வந்தது, எங்களிடமே.

மறுநாள் தொண்டைத் தகடு.
துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தது.
மண்ணெண்ணெய் விட்டுத் தட்டத் தட்ட
கிறீச்சென்று மனம் மாறியது.
செங்கல் இடுக்கில் யாரோ சிமெண்ட் அப்பியிருந்தார்கள்.
சுண்ணாம்பு சூட்டுக்கு வளைந்து கொடுக்கும்,
சிமெண்ட் கொடுக்காது;
பிடிவாதக்காரன் பக்கத்தில் குடியிருந்த செங்கல்தான்
விண்டிருந்தது.
கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு பூசி
ஈரச் சாக்கு போர்த்தினோம்.
அது ஆற நாள் வேண்டும்.
செயலாளரின் பயணத் திட்டத்தில் அந்த நாள் இல்லை.

புதன் சாயங்காலம், சின்னதாய் ஒரு தீ.
காய்ந்த புளிய மிலாறு.
குளிர்ந்து கிடந்த புகைபோக்கியின் வாயில்
காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்திப் பிடித்தான்.
புகை ஒரு முழம் ஏறியது,
யோசித்தது,
இறங்கி வந்து என் மூக்குக் கண்ணாடியில் உட்கார்ந்தது.

அப்போது பாஷா டீயோடு வந்து
முழங்கையால் கதவைத் தள்ளினார்.

புகை திரும்பியது.
யாரோ கூப்பிட்ட மாதிரி
தலையைக் குனிந்து கணப்புக்குள் போய்
விறுவிறுவென்று மேலேறியது.
பாஷா கதவைச் சாத்தினார்.
வந்தது.
"திறங்க" என்றேன்.
போனது.
"சாத்துங்க."
டீ ஆறும்வரை அந்தக் கதவோடு விளையாடினோம்.

பிறகு யாரும் சொல்லாமல்
மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.
அலுமினியச் சட்டம், ரப்பர் விளிம்பு,
எறும்பு நுழையாது.
போன பங்குனியில் மாற்றியது.
பழைய மரச் சட்டத்தில் விரல் போகும் சந்து இருந்தது.
'காற்று வருகிறது' என்று குறிப்பெழுதி,
கழற்றி ஏலம் விட்டு,
அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது
நான்.

லகுமய்யா ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டு மொழியிலும்.
ஜன்னலை இரண்டு விரல் நகர்த்தி
பையிலிருந்த டைல்ஸ் துண்டொன்றைச் செருகினான்.
ராகிக் காட்டுக் குளிர் உள்ளே வந்து
எங்கள் கணுக்காலைத் தொட்டு,
தீ வழியாக மேலே போய்விட்டது.

எட்டு மணிக்குப் போன்.
செயலாளர் நேரே ஒகேனக்கல் போகிறாராம்.
தளி ரத்து.

விறகு பாக்கி இருந்தது.
பாஷா நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.
படிவத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.
'பழுதுக்கான காரணம்':
ஒரு வரிக்குத்தான் இடம்.
'பறவைக் கூடு' என்று எழுதினேன்.
பொய்யில்லை.
கொஞ்ச நேரம் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ஒரு கமா போட்டு
'ஜன்னல்' என்று சேர்த்தேன்.

லகுமய்யா இன்னொரு மிலாறு போட்டான்.