எதிர்வீடு

காசிமேட்டு வலைக்கூடத்துத் தூணில்
படத்தாளை மாட்டினேன்.
தடைக்காலம். படகுகள் கட்டிக் கிடக்கின்றன,
ஆண்கள் இருப்பார்கள் என்று
நாங்களே பார்த்து வைத்த நாள்.

மூளைப் படத்தைத் திருப்பியதும்
"இது இன்னா, வஞ்சிரம் தலையா?" என்றார் தேசப்பன்.
சிரிப்பு அடங்க நேரமானது.
நானும்தான் சிரித்தேன்.

தூக்கம் வராமை, தனியே பேசுவது,
குளிக்க மனமில்லாமல் போவது,
எழுதிக் கொடுத்ததை வாசித்துக்கொண்டிருந்தேன்.
பின்னாலிருந்து ஒருவன்:
"இதெல்லாம் கீழ்ப்பாக்கம் கேசு,
நமக்கு இன்னாத்துக்கு?"

தாளை மூடினேன்.
"கீழ்ப்பாக்கத்துல நாப்பத்தோரு நாள் இருந்தேன்.
சோத்துல உப்பு கம்மி.
மத்தபடி உன் மாமியார் வூட்டவிட மோசமில்ல."

யாரும் சிரிக்கவில்லை.
ஊசி மட்டும் வலைக்கண்ணில் போய் வந்தது.
ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கும் சத்தம்
அதுவரை எனக்குக் கேட்டிருக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் வந்தார்கள், ஒவ்வொருவராக.
எல்லோருக்கும் எதிர்வீட்டில்தான் கோளாறு.
"எதுத்த வூட்டுப் பொண்ணு,
கொயந்த பொறந்ததுலேந்து அழுதுகினே கீது."
"எதுத்த வூட்டுப் பையன்,
கதவத் தொறக்க மாட்டேன்றான்."
தேசப்பனின் எதிர்வீட்டுக்காரனுக்கு
மூணு மாசமாகக் கடலைப் பார்த்தால்
கை நடுங்குகிறதாம்.

அவர் வீட்டுக்கு எதிரே
அலைதடுப்புக் கற்கள்தான். எனக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை பத்து மணி,
கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி, மாடியில.
அவர இட்டுனு வாங்க" என்றேன்.

"வருவான்" என்றார்.
நாலடி போய்த் திரும்பினார்.
"மாத்திர துன்னா
ஜூன்ல கடலுக்குப் போலாமா?
அவன்தான்
கேக்கச் சொன்னான்."